மூன்றரை லட்சம் ரூபாய்க்கு எந்த நகை: கெட்டித் தங்கமா, கல் வேலையா, வைரமா?

நகை வாங்குவது என்று முடிவானதும் வீட்டில் முதலில் பார்ப்பது அன்றைய பவுன் விலையைத்தான். நாளைக்கு இறங்குமா, அட்சய திருதியைக்கு முன்னால் ஏறிவிடுமா என்று பேச்சு நாள் கணக்கில் ஓடும். ஆனால் தமிழ்நாட்டில் அந்த விலை கடைக்குக் கடை பெரிதாக மாறுவதில்லை. சென்னையில் இருக்கும் நகை வணிகர் சங்கம் காலையில் அறிவிக்கும் விலையையே தி.நகர் உஸ்மான் சாலையிலும் மதுரை தெற்காவணி மூல வீதியிலும் பெரும்பாலும் பலகையில் எழுதுகிறார்கள். நம் பணம் கூடுவதும் குறைவதும் வேறு இடத்தில். வாங்கும் நகையில் தங்கம் எவ்வளவு, கல் எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்பதில்தான் லட்சக் கணக்கில் வித்தியாசம் வருகிறது.

டிசைன் பார்க்க உட்காருவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு வீட்டிலேயே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். இந்த நகை என்றைக்காவது அடகுக்கோ மாற்றுக்கோ விற்பனைக்கோ போக வேண்டியிருக்குமா, அல்லது போட்டு அழகு பார்த்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதற்கு மட்டும்தானா? பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும், மருத்துவச் செலவுக்கும், வீட்டு முன்பணத்துக்கும் நகையை நம்பியிருக்கும் குடும்பங்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்குப் பொருந்துகிற நகை வேறு. அந்தக் கட்டாயம் இல்லாதவர்களுக்குப் பொருந்துகிறது வேறு. கடையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரே தொகையில் மூன்று நகைகள்

கணக்குக்கு வசதியாக 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போகும் நாளில் விலை வேறாக இருக்கும், விகிதம் மாறாது. சேதார சதவீதமும் வைரத்தின் விலையும் கடைக்குக் கடை, டிசைனுக்கு டிசைன் மாறும். கீழே இருப்பது உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

முதலாவது, கல் எதுவும் இல்லாத 4 பவுன் சங்கிலி. எடை 32 கிராம். தங்கத்துக்கு 3,20,000. சேதாரம் 8 சதவீதம் என்றால் 25,600. இரண்டும் சேர்த்து 3,45,600. அதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 10,368. ஆக மொத்தம் ஏறக்குறைய 3,56,000.

இரண்டாவது, சிவப்புக் கல்லும் லட்சுமி உருவமும் வைத்த கோயில் நகை பாணி ஆரம். தராசில் வைத்தால் இதுவும் 32 கிராம்தான். ஆனால் அதில் கல்லும் மெழுகும் 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நிகரத் தங்கம் 27 கிராம், அதாவது 2,70,000. இந்த மாதிரி நுணுக்க வேலைக்குச் சேதாரம் 20 சதவீதம் கேட்பது சாதாரணம், அது 54,000. கல் விலை 15,000. ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து 3,49,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

மூன்றாவது, 18 காரட் தங்கத்தில் வைர நெக்லஸ். தங்கம் 10 கிராம். 18 காரட்டில் நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம் என்பதால் கிராம் விலை 8,190 ரூபாய் அளவுக்கு வரும், மொத்தம் 81,900. சின்னச் சின்ன வைரங்கள் சேர்ந்து 3 காரட், காரட்டுக்கு 80,000 என்றால் 2,40,000. செய்கூலி 16,000. வரியோடு 3,48,000.

மூன்றுக்கும் நாம் கொடுத்தது ஏறக்குறைய ஒரே தொகை. வாங்கிய மறு மாதம், விலை அப்படியே இருக்கும்போது, ஒரு அவசரம் வருகிறது. மூன்றையும் வங்கிக்கு எடுத்துப் போகிறோம். வங்கி மதிப்பீட்டாளர் கல்லையும் வைரத்தையும் கழித்துவிட்டுத் தங்கத்தை மட்டும்தான் கணக்கில் எடுப்பார். கடன் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சங்கிலிக்கு 2,40,000 கிடைக்கும். ஆரத்துக்கு 2,02,500. வைர நெக்லஸுக்கு 61,000 சொச்சம். சிறு தொகைக் கடன்களுக்கு 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் விதியைத் திருத்தியிருக்கிறது. அதை வைத்துப் பார்த்தாலும் மூன்றுக்கும் இடையே உள்ள இடைவெளி குறையாது.

விற்றாலும் இதே கதைதான். சங்கிலியில் நாம் இழப்பது சேதாரமும் வரியும்; பத்து சதவீதம். ஆரத்தில் சேதாரம், கல், வரி எல்லாம் சேர்ந்து 79,000 ரூபாய்; நூற்றுக்கு இருபத்து மூன்று. வைரத்துக்கு என்ன கிடைக்கும் என்பது, அதை விற்ற கடை என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதை வைத்து வைரமோ கோயில் நகையோ வாங்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஆரத்தில் போன 54,000 ரூபாய் ஒரு கைவினைஞரின் பல நாள் உழைப்புக்கான விலை. நகாசு வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வரும் காலத்தில் அதற்குப் பணம் கொடுப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அது திரும்பி வராத பணம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். "எப்படி இருந்தாலும் தங்கம்தானே, சேமிப்புதானே" என்று நினைத்துக்கொண்டு ஆரம் வாங்குகிற குடும்பங்களைப் பார்க்கும்போதுதான் மனம் கஷ்டப்படுகிறது.

கெட்டித் தங்கம்

கல் இல்லாத 22 காரட் நகை என்று முடிவு செய்தாலும், அதற்குள்ளும் தேர்வு இருக்கிறது. தங்கம் விலை ஏற ஏற, குறைந்த எடையில் பெரிதாகத் தெரிகிற நகைகள் நிறைய வந்துவிட்டன. உள்ளே பொள்ளலாக, தகடு மெலிதாக இருக்கும் வளையல்; ஊதினால் பறக்கும் போல இருக்கும் ஆரம். கண்ணுக்கு எட்டுப் பவுன் மாதிரி இருக்கும், தராசில் மூன்று பவுன்தான். விசேஷத்துக்கு மட்டும் போடுவதென்றால் இது நல்ல வழி. தினமும் போடுவதற்கு வேண்டாம். கதவில் இடித்தால் வளையல் நசுங்கும். நசுங்கிய பொள்ளல் வளையலைத் தட்டிச் சரி செய்வது பத்தர்களுக்கே சிரமம். சேதாரமும் இந்த நகைகளுக்குக் கிராம் கணக்கில் பார்த்தால் அதிகம்தான்.

தாலிக்கொடி, தினசரிச் சங்கிலி, காதில் நிரந்தரமாக இருக்கும் தோடு ஆகியவற்றில் எடையைக் குறைக்காதீர்கள். சங்கிலி முதலில் தேய்வது கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்திலும் கொக்கியிலும்தான். கொக்கி கெட்டியாக இருக்கிறதா, தோட்டின் திருகாணியில் மரை நன்றாகப் பிடிக்கிறதா என்று கடையிலேயே இரண்டு மூன்று முறை கழற்றிப் போட்டுப் பாருங்கள்.

நாணயம் வாங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். சேமிப்பு மட்டும்தான் நோக்கம் என்றால் நகையைவிட நாணயத்தில் இழப்பு குறைவு. ஆனால் அடகு என்று வரும்போது நகைக்கு இருக்கும் வசதி அதற்கு இல்லை. வங்கிகள் நாணயத்துக்கு ஒருவருக்கு 50 கிராம் வரைதான் கடன் தரலாம். பிஸ்கட்டுக்கும் கட்டித் தங்கத்துக்கும் தரவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பெண் வளர வளர அவளுக்காகச் சேர்க்கிறோம் என்றால் நாணயமாகச் சேர்த்து, கல்யாணத்தின்போது அவள் விருப்பத்துக்கு நகையாக மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்கு நம் கண்ணுக்குப் பிடித்த டிசைன் பதினைந்து வருடம் கழித்து அவளுக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. அரசின் தங்கப் பத்திரம் ஒரு காலத்தில் இதைவிட நல்ல வழியாக இருந்தது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடவில்லை.

கல் வேலை

கல் நகையில் எடையைத்தான் பார்க்க வேண்டும். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லோடு சேர்த்து எடை போட்டு, அத்தனைக்கும் தங்க விலை வாங்கினால், நம் கணக்கில் ஒரு கிராம் கண்ணாடிக் கல்லுக்கு 10,000 ரூபாய் கொடுக்கிறோம் என்று அர்த்தம். நல்ல கடைகளில் கழித்துத்தான் போடுகிறார்கள். ஆனால் அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள்: சேதார சதவீதத்தை நிகர எடைக்குப் போடுகிறார்களா, மொத்த எடைக்கா? மேலே சொன்ன ஆரத்தில் 20 சதவீதத்தை 32 கிராமுக்குப் போட்டால் சேதாரம் 64,000 ஆகிவிடும். பத்தாயிரம் ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும்.

கல்லின் பெயரும் முக்கியம். கெம்பு, அதாவது சிவப்புக் கல், என்று சொல்லி விற்கப்படுவதில் பெரும்பாலானவை செயற்கைக் கல்தான். அதில் தவறில்லை, விலை அதற்கேற்ப இருக்கும் வரைக்கும். உண்மையான மாணிக்கம், மரகதம் என்று சொன்னால் அதற்கு ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்று கேளுங்கள். மரகதத்தில் எண்ணெய் ஏற்றுவதும் மாணிக்கத்தைச் சூடேற்றி நிறம் கூட்டுவதும் உலகம் முழுக்க வழக்கத்தில் இருக்கிறது. மாணிக்கத்தின் வெடிப்பில் கண்ணாடியைப் புகுத்தி விற்பது அப்படியல்ல. அந்தக் கல்லின் மதிப்பே வேறு. சான்றில் இதெல்லாம் எழுதப்பட்டிருக்கும்.

குந்தன், போல்கி, ஜடாவ் வகை நகைகளுக்கு ஹால்மார்க் எனும் தர முத்திரை கட்டாயம் இல்லை. வட இந்தியக் கல்யாண மோகத்தில் இங்கேயும் அவை நிறைய விற்கின்றன. அவற்றில் தங்கம் எவ்வளவு என்பதற்கு பில்லில் கடைக்காரர் எழுதித் தருவது மட்டுமே ஆதாரம்.

கோயில் நகை பாணி பிடித்திருக்கிறது, ஆனால் வருடத்துக்கு இரண்டு விசேஷத்துக்குத்தான் போடுவேன் என்பவர்களுக்கு நான் நாகர்கோவில் வடசேரியைச் சொல்வேன். அங்கே தலைமுறைகளாக வெள்ளியில் செய்து, தங்கத் தகடு வேய்ந்து, கெம்புக் கல் பதிக்கிறார்கள். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பரதநாட்டியக் கலைஞர்கள் நெற்றிச் சுட்டியிலிருந்து ஒட்டியாணம் வரை அங்கேதான் செய்யச் சொல்லி வாங்குவார்கள். அழகில் குறை இருக்காது. தங்க ஆரத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான் ஆகும். மீதிப் பணத்துக்கு கல் இல்லாத சங்கிலி வாங்கிக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் பிடிக்கும், ஏனென்றால் அழகும் சேமிப்பும் தனித்தனியாகத் தெரியும்.

வைரம்

வைரத்தில் காரட் என்பது எடை. தங்கத்தில் சொல்லும் காரட் தரம். ஒரு காரட் வைரம் 0.2 கிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். இது தெரிந்தால் கடைக்காரர் பேசுவது புரியும்.

வைர நகைக்கு 18 காரட் தங்கத்தை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 22 காரட் தங்கம் மிருது. கல்லைப் பிடித்திருக்கும் சின்ன நகங்கள் வளைந்து கல் விழுந்துவிடும். வெள்ளியும் செம்பும் அதிகம் கலந்த 18 காரட் உறுதியானது. எனவே "18 காரட் தங்கத்தைத் தலையில் கட்டுகிறார்கள்" என்று கோபப்பட வேண்டாம். விலையும் 18 காரட்டுக்கே போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஹால்மார்க்கில் 750 என்று இருக்கும்.

சின்ன வைரங்கள் பதித்த நகையில் எல்லாக் கடையிலும் வி.வி.எஸ். தெளிவு, இ.எஃப். நிறம் என்று மேல்தரமானதையே முதலில் காட்டுவார்கள். ஒரு சென்ட், இரண்டு சென்ட் அளவுள்ள கல்லில் வி.வி.எஸ்.ஸுக்கும் அதற்கு அடுத்த வி.எஸ்.ஸுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. போட்டு மகிழ மட்டும் என்றால் வி.எஸ். போதும், அதே பணத்தில் டிசைன் பெரிதாகக் கிடைக்கும். பிறகு மாற்றும் எண்ணம் இருந்தால் வி.வி.எஸ். வாங்குங்கள், மறுபடி எடுக்கும்போது கடைகள் அதிகம் வாதாடுவதில்லை. ஒற்றைக் கல் பெரிதாக வைத்த மோதிரம், மூக்குத்தி என்றால் நிறத்தையும் தெளிவையும்விடப் பட்டை தீட்டிய தரம்தான் ஜொலிப்பைத் தீர்மானிக்கும். அதற்கு ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற கூடங்களின் தனிச் சான்று இருக்கட்டும்.

நம் ஊருக்கே உரிய ஒன்று புளூ ஜாகர் தோடு. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. வெயிலில் இளநீலமாக ஒளிரும் வைரங்களுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஏழு கல் தோடும் எட்டுக் கல் பேசரி மூக்குத்தியும் பாட்டி காலத்திலிருந்து அடைப்புக் கட்டாக, பின்பக்கம் மூடியே செய்யப்படுகின்றன. பார்க்க அத்தனை அழகு. ஆனால் மூடிய கட்டில் கல்லின் அடிப்பாகம் தெரியாது. வெடிப்பு, நிறம், உண்மையான எடை எதையும் கட்டிய பிறகு சோதிக்க முடியாது. ஆகையால் இதைத் தயாராக இருப்பதில் வாங்காமல், கற்களைத் தனியாகப் பார்த்து, எடை போட்டு, சான்று வாங்கி, அப்புறம் கட்டக் கொடுங்கள். வைரம் ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் அந்தக் கட்டத்திலேயே அதையும் செய்துகொள்ளலாம். பழைய கடைகளில் இதற்கு ஒத்துழைப்பார்கள்.

இப்போது பெரிய கேள்வி, ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வாங்கலாமா என்பது. அது போலி இல்லை. சுரங்கத்து வைரம் மாதிரியே சுத்தமான கார்பன். அதே கடினம், அதே ஜொலிப்பு. கடையில் வைத்திருக்கும் சின்னச் சோதனைக் கருவி இரண்டையும் வைரம் என்றுதான் காட்டும்; பிரித்துச் சொல்ல ஆய்வகக் கருவி வேண்டும். 1954-லேயே அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இதைச் செய்துவிட்டார்கள். இன்றைக்கு சூரத்தில் ஆலை ஆலையாக விளைகிறது. இந்தத் தொழில்நுட்பத்தை வளர்க்க மத்திய அரசு 2023-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியது.

பிரச்சினை விலையில்தான் இருக்கிறது. இயந்திரம் கூடக் கூட உற்பத்தி கூடும், விலை இறங்கும். சுரங்க வைர நிறுவனமான டி பியர்ஸ் 2018-ல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைரத்தைக் காரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 2024-ல் அதை 500 டாலராகக் குறைத்தது. 2025-ல் லைட்பாக்ஸையே மூடுவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் விலையைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை என்றால், நாம் வாங்கிய கல்லுக்கு ஐந்து வருடம் கழித்து விலை இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆனாலும் நான் அதை ஒதுக்கமாட்டேன். மறுவிற்பனையே தேவையில்லை, பளபளப்பான கம்மல் வேண்டும் என்று ஆசைப்படும் இளம்பெண்ணுக்கு இது நல்ல தேர்வு. அதற்குப் போடும் தொகையைப் பட்டுப்புடவைக்குச் செலவழித்த மாதிரி வைத்துக்கொண்டால் போதும். சுரங்க வைரம் என்று சொல்லி அதன் விலைக்கு இதை விற்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். சான்றில் எந்த வகை என்று எழுதியிருக்கும். பெரிய கல்லின் விளிம்பில் லேசரில் எண்ணும் பொறித்திருப்பார்கள்.

சுரங்க வைரத்துக்கும் "எப்போது கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வோம்" என்ற வாய்வார்த்தை போதாது. வேறு நகையாக மாற்றினால் எத்தனை சதவீதம், பணமாகக் கேட்டால் எத்தனை, அன்றைய விலைக்கா வாங்கிய விலைக்கா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இந்த வாக்குறுதி அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும். ஆகவே வைரத்தைப் பொறுத்தவரை நகையோடு சேர்த்துக் கடையையும் தேர்ந்தெடுக்கிறோம்.

பிளாட்டினம் பற்றி ஒரு வரி. ஜோடி மோதிரத்துக்கு அழகு, உறுதி, அடகுக்கு எடுக்கமாட்டார்கள்.

பில்லும் முத்திரையும்

தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூன் முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண் இல்லாத நகையைக் கடை விற்கக் கூடாது. நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரை, 22கே916 அல்லது 18கே750 போன்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கம். கடையில் லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியை போனில் இறக்கிக்கொண்டு அந்த எண்ணை அடித்தால், நகையின் வகை, தரம், முத்திரை போட்ட மையம் எல்லாம் வரும். வளையல் வாங்கும்போது செயலியில் மோதிரம் என்று வந்தால் வாங்காமல் வந்துவிடலாம். இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்குக் கட்டாயம் இல்லை. மூக்குத்தி, சின்னத் தோடு வாங்குவோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முத்திரை போட்ட நகையின் தரம் பிறகு குறைவாக இருந்தது என்று தெரிந்தால், தரம் குறைந்ததால் வரும் விலை வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடை தர வேண்டும் என்று பி.ஐ.எஸ். விதி சொல்கிறது. அதைக் கேட்க பில் வேண்டும். பில்லில் நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் தனித்தனியாக இருக்க வேண்டும். "பில் இல்லாமல் எடுத்தால் வரி மிச்சம்" என்று சொன்னால், அந்த 3 சதவீதத்துக்காக இந்த உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கிறோம். கேடிஎம் என்ற வார்த்தையையும் தரச் சான்றாக நினைக்காதீர்கள்; அது பற்றவைப்பதற்குக் காட்மியம் கலந்து பயன்படுத்திய முறை, அந்தப் புகை பத்தர்களின் நுரையீரலுக்குக் கேடு.

சேதாரத்தில் பேரம் பேசலாம், பேச வேண்டும். பல கடைகளில் இப்போது அதை வி.ஏ. என்று போடுகிறார்கள், பெயர்தான் வேறு. ஒரே மாதிரியான நகையை இரண்டு கடையில் எடை போடச் சொல்லி, நிகர எடையும் சேதாரமும் கல் விலையும் சேர்ந்த கடைசித் தொகையை எழுதி வாங்கி ஒப்பிட்டால், யார் எங்கே கூட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சேதாரமே இல்லை என்று விளம்பரம் செய்யும் இடத்தில் கல் விலையையும் கிராம் விலையையும் கூர்ந்து பாருங்கள்.

மாதச் சீட்டா, வங்கியா?

மூன்றரை லட்சத்தை ஒரே நாளில் புரட்ட முடியாதவர்கள் நகைக் கடையின் 11 மாதத் திட்டத்தில் சேர்கிறார்கள். 11 மாதம் என்பதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது: பொருளுக்கான முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது டெபாசிட் ஆகாது. டெபாசிட் இல்லை என்பதால் வங்கிப் பணத்துக்கு இருக்கும் காப்பீடும் கிடையாது. கடை மூடினால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் அப்படி நின்றவர்கள் ஏராளம்.

லாபம் என்ன என்று கேட்டால், சேதாரத் தள்ளுபடி. மேலே சொன்ன சங்கிலிக்கு அது 25,600 ரூபாய் வரை மிச்சம். வங்கியில் தொடர் வைப்பில் அதே பணத்தைப் போட்டால் 11 மாதத்தில் இவ்வளவு வட்டி வராது. பணமாகக் கட்டாமல் ஒவ்வொரு மாதமும் அன்றைய விலைக்கு கிராமாக வரவு வைக்கும் திட்டம் என்றால், விலை ஏறினாலும் பாதிப்பில்லை. ஆகவே, நீண்ட காலமாக அந்த ஊரில் இருக்கும் கடை, சிறிய மாதத் தொகை, எந்தச் சதவீதச் சேதாரம் வரை தள்ளுபடி, எந்த நகைகளுக்கு அது செல்லாது என்பது அட்டையில் அச்சாகியிருக்கிறது என்றால் சேரலாம். வாழ்நாள் சேமிப்பை அங்கே வைக்காதீர்கள். போனில் வாங்கும் டிஜிட்டல் தங்கமும் தங்கள் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது.

பழையதைக் கொடுத்துப் புதியது

பாட்டியின் அட்டிகையைப் போட்டுப் புது நெக்லஸ் எடுக்கிறோம் என்றால், கடைக்குப் போவதற்கு முன்னால் வேறு இடத்தில் ஒரு முறை எடையும் தரமும் பார்த்துவிடுங்கள். ஹால்மார்க் மையங்களிலேயே சிறு கட்டணத்துக்குச் சோதிக்கலாம். பழைய நகையில் பற்று, அதாவது பற்றவைக்கச் சேர்த்த உலோகம், அதிகம் இருக்கும். தரம் காட்டும் காரட் மீட்டர் கருவி மேல்பரப்பைத்தான் படிக்கும். உருக்கிப் பார்த்தால்தான் சரியான தரம் தெரியும், ஆனால் உருக்கிய பிறகு "வேண்டாம், திருப்பிக் கொடுங்கள்" என்று சொல்ல நகை இருக்காது. ஆகவே உருக்கச் சம்மதிக்கும் முன் விலையையும் கழிவையும் பேசி முடித்துவிட வேண்டும். பழைய தங்கத்தின் மதிப்பைக் கழித்த பிறகுள்ள மீதிக்குத்தான் வரி என்றும் பலர் நினைக்கிறார்கள். புது நகையின் முழு விலைக்கும் 3 சதவீதம் உண்டு.

அட்டிகை நல்ல வேலைப்பாடாக இருந்தால் உருக்காமல் மெருகு போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அந்தக் காலத்துக் கையால் செய்த கல் கட்டு இன்றைக்குச் செய்யச் சொன்னால் சேதாரம் மட்டுமே நாலில் ஒரு பங்கு கேட்பார்கள்.

இன்னொன்று, பில் யார் பெயரில்? இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்கு அனுமதி இல்லை. அப்பாவோ அண்ணனோ பணம் கட்டுவதால் பில்லும் அவர்கள் பெயரிலேயே போய்விடுகிறது. கல்யாணப் பெண்ணுக்கு வாங்கும் நகை என்றால் பில்லில் அவள் பெயர் இருக்கட்டும். பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் அவளுக்கு மட்டுமே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தீர்ப்பளித்திருக்கிறது; ஆனால் எந்த நகை, எத்தனை கிராம் என்று காட்ட அவள் கையில் காகிதம் வேண்டும். ஒவ்வொரு நகையையும் பில்லோடும் எச்.யூ.ஐ.டி. எண்ணோடும் படம் எடுத்து அவள் போனிலும் அம்மா போனிலும் வைத்துவிடுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் சில வருடங்களில் வெளுத்துப் போகும். அதை நகல் எடுத்துச் சான்றுகளோடு லாக்கருக்கு வெளியே ஒரு கோப்பில் வையுங்கள்.